கட்டைவிரல் அண்ணையின் இங்கிலாந்துக் கோபம்

இங்கிலாந்தில் இருக்கும் ஓர் இசைக்குழுவோடு முப்பத்தைந்து வருடங்களுக்கும் மேலாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஒரே தமிழர் டென்மார்க்கில், எங்கள் ஹேர்னிங்கில்தான் வசிக்கிறார். இந்தக் கோபம் பற்றி அந்த இசைக்குழுவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் சமாதானம் பேச ஒரு தடவையாவது ஆள் அனுப்பியிருப்பார்கள் என்று கட்டைவிரல் அண்ணை நம்பிக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. மஞ்சள் மருத்துவ அட்டையில் அது அச்சடிக்கப்பட்டிருக்கிறது. டாக்டரின் வரவேற்பறையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவார்.

அவர் வாசிப்பது பேஸ் கிட்டார். நாலு தடித்த கம்பிகள் உள்ள சாமான். மற்றவர்கள் அதை விரல் நுனியால் மீட்டுவார்கள். இவர் வலது கட்டைவிரலால் அடிப்பார். மிருதங்கக்காரரும் கிட்டார்காரரும் ஒரே உடம்புக்குள் இருந்து சண்டை பிடிப்பது மாதிரிச் சத்தம் வரும். அந்த விரலை அவர் பார்த்துக்கொண்ட விதம் எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்குக்கூட நடக்காது. பனிக்காலத்தில் இடக்கைக்கு ஒரு கையுறை, வலக்கைக்கு இரண்டு. கை குலுக்குவது இடக்கையால். தொழிற்சாலையில் டெனிஷ்காரர்கள் அது ஏதோ போர்க்காயம் என்று இரக்கப்பட்டு, பாரம் தூக்காத வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அவரும் மறுக்கவில்லை. வீட்டில் கோப்பை கழுவுவதில்லை. கோயிலில் தேங்காய் உடைக்கும் முறை வந்தால் மனைவியை முன்னே விடுவார். “இந்த மனுசன் எனக்குத் தாலி முடிச்சுப் போட்டதே மற்ற விரலுகளாலதான்” என்று பவா அக்கா சொல்லுவா.

ஒருமுறை அவர் காப்புறுதி அலுவலகத்துக்குப் போய், கட்டைவிரலுக்கு மட்டும் தனியாகக் காப்புறுதி வேண்டும் என்று கேட்டார். அங்கிருந்த பெண் பொறுமைசாலி. மற்ற ஒன்பது விரல்களுக்கும் என்ன செய்வது என்று விசாரித்தாராம். அதுகளுக்கு ஒன்றும் வேண்டாம் என்றார் அண்ணை. என்ன வேலை என்று கேட்டதற்கு, திரைச்சீலை மடித்துப் பெட்டியில் வைக்கிறது என்றார். அதற்குக் கட்டைவிரல் அவ்வளவு முக்கியமா என்று கேட்டபோது அண்ணை உண்மையைச் சொன்னார். “அதுக்கு எந்த விரலும் போதும்.” காப்புறுதி கிடைக்கவில்லை.

இனிக் கோபத்தின் கதைக்கு வருகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் அவர் டென்மார்க்குக்கு வந்தபோது, அகதி முகாமில் டெனிஷ் படிப்பித்த பெண் ஒருத்தி அவரிடம் பழைய கசெற் ஒன்றைக் கொடுத்தார். படிப்பித்த டெனிஷ் அவ்வளவாக ஏறவில்லை. கசெற் ஏறிவிட்டது. அண்ணை யாழ்ப்பாணத்தில் ஓர் இன்னிசைக் குழுவில் வாசித்தவர். அங்கே பேஸ்காரருக்கு மேடையின் பின்வரிசையில், மின்விசிறிக்கும் பின்னால்தான் இடம். இந்தக் கசெற்றில் பேஸ்காரன்தான் முன்னுக்கு நின்றான். ஜாஸும் ஃபங்கும் கலந்த இசை. பாட்டு என்று பெயர்தான், பாடுவதற்கு யாரும் இல்லை. கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணை அந்தக் கசெற்றைக் கேட்டுக் கேட்டு, பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி, விரலில் கொப்புளம் வரும்வரை அடித்துப் பழகினார். அந்தக் குழுவில் நாலைந்து பேர். அவர்களைத் தன் ஒன்றுவிட்ட தம்பிமார் போலவே பேசுவார். “பெடியள் இந்தமுறை நல்லாச் செய்திருக்கிறாங்கள்” என்பார்.

பிறகு பெடியள் மாறிவிட்டார்கள். ஒருநாள் தொழிற்சாலை வானொலியில் அவர்களுடைய புதுப்பாட்டு வந்தது. நன்றாக மெருகேற்றிய பாட்டு. கீபோர்ட் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பேஸ் வாசித்த அதே ஆள் உருக்கமாகப் பாடினான். ஐரோப்பா முழுக்க அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எங்கள் தொழிற்சாலையில் தையல் பகுதிப் பெண்கள் எல்லாரும் கூடச்சேர்ந்து பாடினார்கள். அண்ணை இரண்டு வரி கேட்டார். கையில் இருந்த திரைச்சீலையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

“முந்தி ஒரு உருப்படி பத்து நிமிசம் போகும் தம்பி. ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான். இப்ப வாயை மூடுறானில்லை. கோட்டும் சூட்டும் போட்டுத் தலையையும் இழுத்துப் பெரிய ஆக்களாகிட்டினம். இனி அவையோட எனக்குக் கதை இல்லை” என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

பெடியள் அன்றோடு ‘அவை’ ஆனார்கள்.

எங்கள் ஆட்களிடம் கோபத்துக்கு ஓர் ஒழுங்குமுறை இருக்கிறது. கோபம் போட்ட வீட்டாரின் பெயரைச் சொல்லக்கூடாது. அவர்களுடைய நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. அவர்கள் வருகிற இடத்தில் நாம் இருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு எழும்பி வெளியே போகவேண்டும். அண்ணை இந்த முறைகள் அத்தனையையும் அந்த இங்கிலாந்துக்காரரோடு குறைவில்லாமல் நடத்தினார். அந்தப் பாட்டு கடையில் வந்தால் பாலை வாங்காமல் திரும்புவார். ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு பிறந்தநாள் விழாவில் அது வந்தபோது, பனிக்குள் கோட்டில்லாமல் போய் நின்றார்.

தொழிற்சாலையில்தான் சிக்கல். அந்தப் பாட்டை வானொலிக்காரர் ஒரு நாளில் பலதரம் போட்டார்கள். ஒவ்வொரு தரமும் அண்ணை எழும்பிக் கழிப்பறைக்குப் போனார். போர்மன் நல்ல மனிதர். இவருக்கு ஏதோ சிறுநீர் வருத்தம் என்று கவலைப்பட்டுத் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் சொன்னார். பிரதிநிதி அண்ணையைத் தனியே கூப்பிட்டு, வெட்கப்படாமல் சொல்லும்படி கேட்டார். இரண்டுபேருமாகச் சேர்ந்து அவரை டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். டாக்டர் எல்லாம் சோதித்தார். ஒன்றும் இல்லை. எப்போது போகவேண்டும்போல் இருக்கிறது என்று கேட்டார். அண்ணை தனக்குத் தெரிந்த டெனிஷில், பத்து நிமிட வாசிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிற துரோகத்தைப் பற்றி விளக்கினார். டாக்டர் யோசித்துவிட்டு, தனக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும் என்றார்.

அண்ணை டாக்டரை மாற்றினார்.

நான் அவரோடு நெருங்கியது எங்கள் இசைக்குழுவால். கலியாணம், பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு என்று யூலன்ட் பகுதி முழுக்க விளையாட்டு மண்டபங்களில் வாசித்தோம். பாடுகிறவர் மொறிஸ் அண்ணை. மன்னார்க்காரர், ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிறார், குழுவுக்குத் தலைவரும் அவர்தான். நான் மேடைக்கு எதிரே மிக்சர் மேசையில் இருந்து ஒவ்வொருவரின் சத்தத்தையும் கூட்டிக் குறைப்பவன். ஆட்களோடு கதைக்கத் தேவையில்லாத வேலை. எனக்குத் தோதானது.

அண்ணையிடம் ஒரு பழக்கம் இருந்தது. மொறிஸ் அண்ணை பாட்டின் நடுவில் மூச்சு வாங்கினால் போதும், கட்டைவிரல் புறப்பட்டுவிடும். ஒரு சாமத்தியவீட்டில் பிள்ளை கேக் வெட்டக் கத்தியை உயர்த்திய நேரம் இவர் தொடங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ரசித்து நிறுத்தவில்லை, மேசையில் கரண்டிகள் அதிர்ந்தன. கத்தியைப் பிடித்தபடியே பிள்ளை நின்றாள், படமெடுப்பவர் நின்றார், அம்மாவும் அப்பாவும் சிரித்த முகத்தோடு நின்று நின்று தாடை நோவெடுத்துப்போனார்கள். மொறிஸ் அண்ணை எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் மெல்லச் சத்தத்தைக் குறைத்தேன்.

முடிந்ததும் அண்ணை நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, நீ என்னைக் குறைக்கிறாய்.”

சத்தத்தைக் குறைக்கிறாய் என்று சொல்லவில்லை. என்னை என்றார். அதற்குப் பிறகு அவரைக் குறைக்கும்போதெல்லாம் நான் குனிந்து வயரைத் தேடுவது போல நடிப்பேன்.

இப்படியே காலம் ஓடியது. அவருக்குப் பிறந்த ஒரே மகள் ஆரணி படித்து, ஓல்போர்க்கில் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, மாட்ஸ் என்கிற டெனிஷ் பெடியனைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றாள். அண்ணை அதற்கு மறுப்பே சொல்லவில்லை. பெடியன் பேஸ் கிட்டாரைத் தொடாமல் தள்ளிநின்று பார்த்தானாம், அதனால் அவனைப் பிடித்துப்போனது. காலையில் கோயிலில் தாலி, மாலையில் மண்டபத்தில் விருந்து என்று முடிவானது.

விருந்தில் டெனிஷ்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. மணமக்கள் ஒரு நடனம் ஆடியே ஆகவேண்டும். வந்தவர்கள் எல்லாரும் சுற்றிவர வட்டமாக நின்று கைதட்டி, தட்டத் தட்டக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிவந்து, கடைசியில் மணமக்கள் அசைய இடமில்லாதபடி நெருக்கிவிடுவார்கள். அதற்கென்று பழைய இசை ஒன்று இருக்கிறது. ஆரணிக்கு அது வேண்டாமாம். அவளுக்கு ஒரு பாட்டுத்தான் வேண்டுமாம். அதையும் அப்பாதான் வாசிக்கவேண்டுமாம்.

எந்தப் பாட்டு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்று அந்த வீட்டில் நடந்ததை எனக்குச் சொன்னவர் பவா அக்கா. உலகத்தில் எத்தனையோ பாட்டு இருக்க ஏன் இது என்று அண்ணை கேட்டிருக்கிறார். அம்மா தன்னை நித்திரையாக்கப் பாடியது இதுதான் என்று ஆரணி டெனிஷில் சொல்லியிருக்கிறாள். அண்ணை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பவா அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். அங்கே நாள்முழுக்க வானொலி. அண்ணை பின்னேர வேலைக்குப் போகும் நாட்களில், அங்கே கேட்டதை வீட்டில் பிள்ளைக்குப் பாடியிருக்கிறார்.

“ஓம், பாடினனான். என்ர வாய் திறக்கிறதுக்கும் உங்களிட்டை அனுமதி கேக்கோணுமோ?”

“என்ர வீட்டுக்குள்ளயே அவை வந்து போயிருக்கினம்” என்றார் அண்ணை. சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

காலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்பதாகவும், தாரைவார்த்துத் தருவதாகவும், மண்டபத்தில் யார் சொன்னாலும் சிரிப்பதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். இதை மட்டும் கேட்கக்கூடாது என்றார். ஆரணி சத்தம் போடவில்லை. சரி, டீஜே போடட்டும் என்றாள். பிறகு தமிழில் ஒன்று கேட்டாள். அவள் தமிழில் கேட்டதுதான் வீட்டில் எல்லாரையும் பயப்படுத்தியது.

“அப்பா, நான் ஆடேக்கை நீங்கள் எழும்பி வெளியில போவீங்களோ?”

கோபத்தின் ஒழுங்குமுறைப்படி அவர் எழும்பிப் போகத்தான் வேண்டும். தையல் பெண்களுக்கு முன்னால் போனார், பிறந்தநாள் விழாவில் பனிக்குள் போனார். மகள் ஆடும்போது மட்டும் இருந்துவிட்டால், அத்தனை வருடமும் எழும்பிப் போனதற்கு என்ன அர்த்தம்? அந்த வீட்டில் அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் யாரும் சரியாகக் கதைக்கவில்லை. ஆரணி வார இறுதிகளில் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

மொறிஸ் அண்ணை முதலில் தானே பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. பிறகு என்னைப் பிடித்தார். “நீ போய்க் கதை. நீ கதைக்கிறதே இல்லை. கதைச்சால் கேப்பான்” என்றார். இப்படி ஒரு தகுதிக்காக யாரும் என்னை அதுவரை தேர்ந்தெடுத்தது கிடையாது.

அந்த நேரம் அண்ணையின் பேஸ் சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் பெட்டி பழுதாகி, ஓல்போர்க்கில் ஒரு கடையில் திருத்தக் கொடுத்திருந்தார். எடுத்துவர நானும் கூடப் போனேன். போகிற வழி முழுக்க எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் கட்டிக்கொண்டு போனேன். ஹோப்ரோ தாண்டும்போது வாயைத் திறந்தேன். “மழை வரும்போல” என்றேன். அதோடு சரி.

கடையில் அம்பைத் திருத்தியவர் கையெல்லாம் பச்சை குத்திய ஒரு பெரிய பெண். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஏதாவது பாட்டுப் போடவேண்டும், கைபேசி இருந்தால் கொடு என்று என்னைக் கேட்டார். நான் பாட்டைத் தேடி எடுத்து, வயரை மாட்டி, திரையை அண்ணைக்கு மறைத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான்.

பாட்டு தொடங்கியது. அண்ணை வழக்கம்போலக் கதவுப் பக்கம் திரும்பினார். இரண்டு அடி வைத்தார். பிறகு நின்றார். அம்ப் அங்கே இருக்கிறது. தன் அம்பை அந்நியர் கையில் விட்டுவிட்டு அவர் எந்த இடத்திலும் எழும்பிப் போனதில்லை. கதவையும் அம்பையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் அம்ப் வென்றது. திரும்பிவந்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதர் அந்தப் பாட்டை ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. இரண்டு வரியோடு எழும்பிப் போய்விடுவார். தொழிற்சாலை, கடை, ஊரார் வீட்டு விழா எல்லா இடத்திலும் அவர் கேட்டது அந்த இரண்டு வரிதான். மிச்சத்தை அவர் கழிப்பறையிலும் பனியிலும் கழித்திருக்கிறார்.

பாட்டு நடுவுக்கு வந்தது. அம்பின்மேல் இருந்த கையின் கட்டைவிரல் அசையத் தொடங்கியது. முகம் திரும்பிவந்தது. பாட்டு முடிந்ததும் என்னைத் திட்டப்போகிறார் என்று நான் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

“திருப்பிப் போடச் சொல்லு.”

திருப்பிப் போட்டார்கள். இந்தமுறை குனிந்து காதை அம்பிடம் கொடுத்தார்.

“பாடிப்பாடியே இதை வாசிக்கிறானோ?”

“ஓம் அண்ணை.”

“ஒரே ஆளோ?”

“ஓம், ஒரே ஆள்தான்.”

அம்பைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஊரை நெருங்கும்போது மெல்லச் சொன்னார்.

“அவன் ஒண்டையும் விடேல்லைத் தம்பி. முந்தி எல்லாரும் பார்க்க வாசிச்சவன். இப்ப ஒருத்தருக்கும் தெரியாமல் உள்ளுக்குள்ள வச்சு வாசிக்கிறான். இது அதைவிடக் கஷ்டம்.”

சமாதானம் அவ்வளவுதான். இங்கிலாந்தில் யாருக்கும் தெரியாமலே கோபம் தொடங்கியது மாதிரி, யாருக்கும் தெரியாமலே தீர்ந்தது. ஆரணிக்கும் சொல்லவேண்டாம் என்றார். சொல்லி, பிறகு வாசிக்க வராவிட்டால் மானம் போய்விடுமாம்.

வரவும் இல்லை. எத்தனையோ வருடமாக முன்னால் வந்து அடித்துப் பழகிய விரலுக்கு, ஒருவர் பாடும்போது கீழே ஒதுங்கிப் போகத் தெரியவில்லை. அந்தக் குழுக்காரனைப் போலத் தானே பாடிக்கொண்டு வாசிக்கவும் கராஜுக்குள் முயன்று பார்த்தார். பக்கத்து வீட்டுக் கிழவர் வந்து, உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டார். கடைசியில் பாட்டை மொறிஸ் அண்ணை பாடுவது என்றும், இவர் வாயை மூடிக்கொண்டு வாசிப்பது என்றும் ஒழுங்காகியது. மொறிஸ் அண்ணை நடுவில் மூச்சு வாங்கினாலும் வெளிக்கிடக்கூடாது என்று பவா அக்கா தனியாக ஒரு நிபந்தனை போட்டா.

கலியாண நாள் மாலை. ஆனி மாதம், வெளியே நல்ல வெளிச்சம். சாப்பாடு முடிந்து, டீஜே பெடியன் தன் மேசையில் ஆயத்தமாக நின்றான். ஆரணியும் மாட்ஸும் நடுவுக்கு வந்தார்கள். ஆரணி ஆட்டத்துக்கு முன் தகப்பனைத் தேடினாள். அவர் இருந்த கதிரை வெறுமையாக இருந்தது. அவள் முகம் எப்படிப் போனது என்று மண்டபத்தில் இருந்த எல்லாரும் பார்த்தோம்.

பிறகு அவள் மேடையைப் பார்த்தாள். பட்டு வேட்டியோடு, கழுத்தில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு அண்ணை நின்றார். மேடையில் ஏறுவதற்கு முன் என் மேசைக்கு வந்து, காதுக்குள் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“என்னைக் குறைச்சு வை, என்ன. பிள்ளையின்ர பாட்டு.”

பாட்டு தொடங்கியது. டெனிஷ்காரர் வட்டமாகச் சுற்றி நின்று கைதட்டினார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அதைப் படமெடுக்கும் வரிசை என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு பின்னால் வந்து நின்றார்கள். விளங்கியபிறகு அவர்களும் தட்டினார்கள். வட்டம் சுருங்கியது. அண்ணை ஒரு இடத்திலும் மேலே வரவில்லை. ஒரு கரண்டி அதிரவில்லை. அவர் அங்கே நின்று வாசிக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. நான் இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு நன்றாக வாசித்துக் கேட்டதில்லை.

வட்டம் இன்னும் நெருங்கியது. டெனிஷ்காரர் உயரமான ஆட்கள். அவர்களுடைய முதுகுகளுக்கு நடுவில் ஆரணி மறைந்துபோனாள். மேடையில் நின்ற அண்ணை கழுத்தை நீட்டினார். தெரியவில்லை. நுனிக்காலில் எழும்பி எட்டிப் பார்த்தார். அந்த நேரம் என் மேசையில் அவருடைய கம்பி அதிரும்போது மட்டும் எரிகிற சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. கட்டைவிரல் கம்பிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. பாட்டு அவர் இல்லாமலே கொஞ்சத்தூரம் போனது. மொறிஸ் அண்ணை பாடிக்கொண்டிருந்தார், ஆட்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு யாரோ விலக, மகள் தெரிந்திருக்கவேண்டும். விளக்கு திரும்ப எரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் மாட்ஸின் சிநேகிதர்கள் வழக்கப்படி அவனைத் தூக்கிக் காலுறையின் நுனியை வெட்டினார்கள். அது அடிபிடி என்று நினைத்து எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டுபேர் விலக்குப்பிடிக்க ஓடினார்கள். அந்த அமளிக்குள் அண்ணை மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தார். முகமெல்லாம் வியர்வை.

“எப்பிடித் தம்பி? ஒண்டும் விடேல்லைத்தானே?”

“இல்லை அண்ணை. நீங்கள் ஒண்டும் விடேல்லை.”

சொன்னது பொய்யென்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.